காயின் எடுத்த பெட்டியும் கரண்ட் இல்லாத ஊரும்

பிட்காயின் மைனிங் என்றாலே "மாதம் எவ்வளவு கிடைக்கும்?" என்றுதான் எங்க கிளாஸில் கேட்கிறார்கள். நான் பி.காம்., ஊர் ராமநாதபுரம் பக்கம். எனக்கு வேறொரு கேள்வி. வீட்டு டெஸ்க்டாப்பில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகி பிட்காயின் எடுக்க முடிந்த காலம் ஒன்று நிஜமாகவே இருந்தது. அப்போது நம்ம கடற்கரையில் ஒருவர் அதை ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

முதலில் மைனிங் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். காமர்ஸ்காரர்களுக்கு இது சுலபம். பிட்காயின் என்பது உலகத்துக்கே பொதுவான ஒரு பேரேடு. சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பக்கம் எழுதப்படும். அந்தப் பக்கத்தை எழுதும் உரிமைக்கு ஒரு போட்டி: எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, விதிக்குப் பொருந்தும் விடையை யார் முதலில் கண்டுபிடிக்கிறாரோ அவருக்குப் புதுக் காசு. இதில் மூளைக்கு வேலையே இல்லை, வேகம் மட்டும்தான். இன்னொரு விஷயம்தான் ரொம்ப முக்கியம். 2016 பக்கங்களுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, போட்டியின் கடினம் மாற்றி அமைக்கப்படும். பத்து மடங்கு மெஷின் வந்தாலும் காசு பத்து மடங்கு ஆகாது. அதே காசைத்தான் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். 2009 ஜனவரி 3ல் சடோஷி நகமோட்டோ முதல் பக்கத்தை எழுதியபோது சாதாரண கம்ப்யூட்டரே போதும். பரிசு 50 காயின். 2010ல் கேம் விளையாடும் கிராஃபிக்ஸ் கார்டை இதற்குத் திருப்பிவிட்டார்கள். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது வெறும் பிராசஸரை வைத்து மைனிங் செய்யும் காலம் முடிந்துவிட்டது. (இல்லாவிட்டால் ஹாஸ்டல் ஹாஸ்டலாகச் சூடு கிளம்பியிருக்கும் :-)

2013 ஜனவரியில் வந்தது ஏசிக், மைனிங்கைத் தவிர வேறெதுவும் தெரியாத சிப். அவலான் என்ற பெட்டி முதலில் கைக்கு வந்தது. அமெரிக்காவின் பட்டர்ஃபிளை லேப்ஸ் 2012லேயே முன்பணம் வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் இழுத்தடித்தது. 2014 செப்டம்பரில் அந்த நாட்டு வர்த்தக ஆணையம் அதைக் கோர்ட்டுக்கு இழுத்தது. இவற்றுக்கு நடுவே வீட்டுக்காரர்களுக்கென்றே வந்தது பிளாக் எரப்டர், பென்டிரைவ் சைஸில் ஒரு யுஎஸ்பி குச்சி. நொடிக்கு 33 கோடி முயற்சிகள், மின்சாரம் வெறும் 2.5 வாட். யுஎஸ்பி ஹப்பில் பத்தைச் செருகி, மேலே ஒரு குட்டி ஃபேனைத் திருப்பி வைத்தால் ஆச்சு. டெஸ்க்டாப் வேலையை வாங்கிக் கொடுக்கும் மேஸ்திரி மட்டுமே.

கணக்கைப் பாருங்கள். 2013 மத்தியில் ஒரு குச்சியின் விலை சுமார் 2 பிட்காயின். ஜூலையில் அது ஒரு நாளைக்கு எடுத்தது ஏறக்குறைய 0.006. டிசம்பருக்குள் உலகம் முழுக்க மெஷின்கள் பெருகி, அதே குச்சி சுமார் 40ல் ஒரு பங்குதான் எடுத்தது. தேய்மானத்தை வருடக்கணக்கில் போடச் சொல்லித் தருகிறார்கள், இங்கே அது மாதக்கணக்கில்! பிட்காயின் விலை அந்த வருடம் 13 டாலரிலிருந்து 1000 டாலரைத் தாண்டியதால் ரூபாயில் பார்த்தவருக்கு லாபம்போல் தெரிந்திருக்கும். அந்த 2 பிட்காயினைக் குச்சிக்குக் கொடுக்காமல் சும்மா வைத்திருந்தவருக்குத்தான் நிஜமான லாபம்.

இனி நம்ம ஊர். 2012, 2013ல் தமிழ்நாட்டில் மின் பற்றாக்குறை 4,000 மெகாவாட் அளவுக்குப் போனது. சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் கரண்ட் போன நாட்கள் உண்டு. குச்சிக்கு 2.5 வாட் போதும். ஆனால் டெஸ்க்டாப்புக்கும் மோடத்துக்கும்? இன்வெர்ட்டர் வைத்திருந்த வீட்டில் அது ஃபேனுக்கும் ட்யூப்லைட்டுக்கும் போக மிஞ்சாது. போட்டியோ நமக்காகக் காத்திருக்காது. பன்னிரண்டு மணி நேரம் அணைந்து கிடந்தால் பாதி வருமானம் போச்சு, மறுநாள் சேர்த்து எடுக்க முடியாது. போதாததற்கு பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்து உப்புக் காற்றில் ஃபேனும் இணைப்புகளும் துருப்பிடிப்பது வேறு.

கரண்ட் பிறகு வந்தது. 2016ல் நம்ம மாவட்டத்திலேயே கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் திறந்தார்கள். ஒரே இடத்தில் அமைந்தவற்றில் அன்றைக்கு உலகின் பெரியவற்றில் ஒன்று. மின்வாரியம் அதை யூனிட் 7 ரூபாய் 1 காசுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டிருந்தது. அதே வருடம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் வந்தது. ஆனால் அதற்குள் மைனிங் மெஷின் குச்சியாக இல்லை. அந்த வருடம் வந்த ஆன்ட்மைனர் எஸ்9 சுமார் 1,350 வாட் இழுக்கும். இரவும் பகலும் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 1,900 யூனிட்டுக்கு மேல். சத்தமோ, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்தபோது 1000 யூனிட்டுக்கு மேல் யூனிட் 11 ரூபாய். அந்த மாத நிலவரப்படி நான் போட்டுப் பார்த்த கணக்கு: எஸ்9 இரண்டு மாதத்தில் எடுப்பது சுமார் 5,000 ரூபாய். ஆயிரத்துக்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்கு மட்டுமே பில் சுமார் 10,000 ரூபாய். கீழே உள்ள யூனிட்டுகளின் தொகை தனி.

இதோடு முடியவில்லை. 2022 பட்ஜெட்டில் கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி. வாங்கிய விலையைத் தவிர எந்தச் செலவையும் கழிக்க முடியாது. மைனிங்குக்கான கட்டமைப்புச் செலவு "வாங்கிய விலை" ஆகாது என்று அந்த மார்ச்சில் நிதித்துறை இணையமைச்சர் பங்கஜ் சௌத்ரி நாடாளுமன்றத்தில் சொன்னார். அதாவது நஷ்டத்தில் ஓடும் மெஷினுக்கும், அந்த 5,000க்கு 1,500 ரூபாய் வரி. டேக்ஸேஷன் பேப்பரில் இதைவிட விசித்திரமான கணக்கை நான் பார்த்ததில்லை.

இப்போது பிட்டாக்ஸ் என்று சின்னப் பெட்டி ஒன்று மறுபடி வந்திருக்கிறது. சுமார் 15 வாட்தான். இரண்டு மாதத்துக்கு 22 யூனிட் ஆகும், 100 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். நொடிக்கு ஒரு லட்சம் கோடி முயற்சி செய்யும் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025ல் உலக மெஷின்களின் மொத்த வேகம் அதைப்போல் 100 கோடி மடங்கைத் தாண்டியது. தனியாக ஓட்டினால் ஒரு பக்கம் எழுத சராசரியாக 19,000 வருடம் ஆகும்.