குருந்தம்: பட்டறையில் மறந்த ஒரு சொல்

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்வோர், மரக்காணத்தை நெருங்கும்போது உப்புப் பாத்திகள் விரிந்து கிடப்பதைக் காண்பர். சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். இப்பக்கம் ஓடிப் பழகிய கருநிறக் கார் ஒன்றை நண்பகலில் உற்று நோக்கினால், அதன் பூச்சில் தெரியும் சூரியனைச் சுற்றிச் சிலந்திவலைபோல் நுண்கீறல்கள் வட்டவட்டமாக ஒளிரும். “உப்புக்காற்று தின்றுவிட்டது” என்று சொல்லிவிட்டு அப்பால் செல்வோம். நாமும் நெடுநாள் அவ்வாறே நம்பியிருந்தோம்.

உண்மையில் உப்புக்கு அத்தனை வலிமை இல்லை. 1812இல் ஃப்ரெடரிக் மோஸ் என்னும் ஜெர்மானியர் கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தினார். அவ்வளவையில் உப்பின் இடம் ஏறக்குறைய 2.5, கடல்மணலில் மிகுந்திருக்கும் குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லின் இடம் 7. கீறுவது மணல். உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்து அம்மணலைத் தகட்டின்மேல் ஒட்டவைக்கிறது. பூச்சு உரிந்த இடத்தில் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது. காலையில் உலர்ந்த துணியை எடுத்துத் தூசு தட்டும் நம் கையே எஞ்சிய வேலையை முடித்துவைக்கிறது. வட்டங்களும் ஒரு தோற்றமே. கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுவதால் விளக்கைச் சுற்றி வளையமாகத் தெரிகின்றன.

இக்கீறலைப் போக்கும் பொருளைத் தேடிப் போனால் நம் மொழிக்கே திரும்பி வருகிறோம். பட்டறைக்காரர் ‘ரப்பிங் காம்பவுண்ட்’ என்று தரும் பசையில் பெரும்பாலும் கலந்திருப்பது அலுமினியம் ஆக்சைடு என்னும் நுண்துகள். இயற்கையில் அது படிகமாகக் கிடைக்கும்போது அதன் ஆங்கிலப் பெயர் ‘கொரண்டம்’. தமிழின் ‘குருந்தம்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது இப்பெயர் என்று ஆங்கில அகராதிகளே குறிக்கின்றன. வடமொழியில் இதன் உறவுச்சொல் குருவிந்தம். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடைத் தெருவில் மாணிக்க வகைகளை அடுக்கும்போது கூறும் ‘விந்தம்’ இதுவே என்பர். மாணிக்கமும் நீலமும் நிறம் ஏறிய குருந்தங்களே. நிறமும் தெளிவும் இல்லாத குருந்தம் பொடியாகி, அரக்கோடு சேர்ந்து சாணைக்கல்லாகி, மற்றக் கற்களைத் தீட்டியது. மோஸ் அளவையில் அதன் இடம் 9. அதற்கு மேல் வைரம் ஒன்றுதான்.

சேலம், தருமபுரிப் பகுதிகளிலும் கொங்கு நாட்டுச் சிவன்மலைப் பக்கத்திலும் கிடைக்கும் இக்கல் ஐரோப்பிய ஆய்வறைகளை எட்டியது. 1798இல் சார்ல்ஸ் கிரெவில், ஆசியாவிலிருந்து வந்த குருந்தக்கல்லைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை எழுதினார். அதன்பின் கனிமவியலார் நாவில் இப்பெயரே நிலைத்தது.

1891இல் அமெரிக்காவின் எட்வர்ட் ஆச்சிசன், களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்தால் சுட்டுப் புதிய கடினப் பொருள் ஒன்றைப் பெற்றார். கரியும் குருந்தமும் கூடிப் பிறந்தது என்றெண்ணி ‘கார்பொரண்டம்’ என்று பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கனும் கரியும் சேர்ந்தது. அதில் குருந்தம் இல்லை. பொருள் பிழைபட்டாலும் பெயர் நின்றது. 1954இல் முருகப்பா குழுமம் அயல்நாட்டு நிறுவனங்கள் இரண்டோடு சேர்ந்து சென்னையில் ‘கார்பொரண்டம் யுனிவர்சல்’ என்னும் தேய்ப்புப்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியது. ஊரைவிட்டுப் போன சொல் வேற்றுடையில் ஊர் திரும்பியது; அடையாளம் கண்டவர் சிலரே.

இவ்வரலாறு பூச்சின் சிக்கலையும் விளக்குகிறது. மெருகிடுவது கீறலை நிரப்புவதன்று. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பரப்பை அரைத்தெடுப்பது. இன்றைய கார்களில் நிறத்தின்மேல் ஒரு தெளிபூச்சு உண்டு. அதன் கனம் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான், தலைமயிரைவிட மெல்லியது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுவே. ஒவ்வொரு மெருகும் அதில் சில மைக்ரான்களைக் கொண்டுபோகிறது. போனது வளராது. ஆண்டுதோறும் பளபளப்புக்காகத் தேய்ப்பவர் ஒருநாள் நிறத்தையே தேய்த்துவிடுவார்.

ஆகவே வீட்டில் செய்வோர் சிறுகச் செய்யவேண்டும். நிழலில், தகடு குளிர்ந்த பிறகு, துணி படுமுன் நீரை நிறைய ஊற்றி மணலையும் உப்பையும் ஓடவிடவேண்டும். சோப்பு நீருக்கு ஒரு வாளி, துணியை அலச மற்றொன்று. உலர்ந்ததும், ஓர் அடிச் சதுரத்தில் மட்டும் மிக மென்மையான பசையை நுரைத் திண்டில் தடவித் தேய்த்துப் பார்க்கவேண்டும். அதுவே போதுமானால் கடும்பசையைத் தொடவே வேண்டாம். ஓரங்களில் பூச்சு மெலிந்திருக்கும். அங்கே கை தயங்கட்டும். நகம் தட்டும் ஆழக்கீறலை விட்டுவிடுவதே அறிவு. இறுதியில் மெழுகு பூசலாம்.

மரக்காணத்துப் பாத்தியில் உப்பு வாருபவரின் கையை நாம் பார்த்ததுண்டு. பலகை சற்று அழுந்தினாலும் அடிச்சேறு கலந்து உப்பு கறுத்துவிடும். மேலே விளைந்ததை மட்டும் இழுத்து, மிதித்து இறுக்கிய தரையை அவர் அப்படியே விட்டுவைக்கிறார். காரைத் துடைக்கும்போது அந்தக் கை நமக்கு நினைவில் இருந்தால் போதும்.