வீட்டு வைபை: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டின் எத்தனையோ வீடுகளுக்கு முதன்முறையாக ஒரு ரவுட்டர் வந்து சேர்ந்தது. ஸூம் வகுப்புக்காக அவசரத்தில் வாங்கியது. வகுப்புகள் முடிந்தன, பெட்டி மட்டும் அலுமாரியின் மேல் அப்படியே இருக்கிறது. இன்று அதன் வழியாகத்தான் பிள்ளையின் படிப்பும், வங்கிக் கணக்கும், வெளிநாட்டுப் பிள்ளைகளின் வீடியோ அழைப்பும், சில வீடுகளில் சிசிடிவி கமராவும் ஓடுகின்றன.

நான் வட்டுக்கோட்டையில் ஒரு பாடசாலை ஆசிரியர். ஆசிரியர் கலாசாலையில் எனக்கு வலையமைப்பு கற்பித்தவர் யாருமில்லை. ஆனால் பெற்றோர் கூட்டம் முடிந்தால் பாடத்தைப் பற்றிக் கேட்பவர்களை விட வைபையைப் பற்றிக் கேட்பவர்களே அதிகம் என்பதால், தேடிப் படித்து அறிந்தவற்றை ஒழுங்காகத் தருகிறேன்.

பூட்டாத வைபையால் வந்த வினை

2008 ஜூலை 26 அன்று இந்தியாவின் அகமதாபாத் நகரில் தொடர் குண்டுவெடிப்புகள் நடந்து 50 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. பொலிஸார் அதன் ஐபி முகவரியைத் தேடிச் சென்றபோது அது நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றது. அவர் விசாரிக்கப்பட்டார்; அவரது கணினிகள் கைப்பற்றப்பட்டன. அவருடைய பூட்டப்படாத வைபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தனர் என்பது பின்னரே வெளிவந்தது. அடுத்த மாதமே மும்பையின் கல்லூரி ஒன்றின் வைபையிலிருந்து இன்னொரு மின்னஞ்சல் அதே விதமாகப் போனது.

இதை ஏன் இங்கு சொல்கிறேன்? இணையத்தில் ஒருவர் செய்த வேலையைத் தேடி வருபவர்கள் முதலில் வந்து நிற்பது இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவர் வீட்டு வாசலில்தான். 2019 ஏப்ரலுக்குப் பிறகு ஒரு முகநூல் பதிவு ஒரு மனிதரை எங்கு கொண்டுபோய் நிறுத்தும் என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நாம் எழுதியதற்கு நாம் பதில் சொல்லலாம். மதிலுக்கு அப்பால் இருந்து யாரோ எழுதியதற்கு நாம் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

எந்த ரவுட்டர்?

கடைக்குப் போகும் முன் ஒரு கேள்வி: உங்கள் வீட்டுக்கு இணையம் எந்த வழியாக வருகிறது?

பைபர் இணைப்பு என்றால் நிறுவனம் பொருத்தும் பெட்டியிலேயே வைபை இருக்கும். பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதும். வீடு பெரிதென்றால் அதனுடன் வயரால் இணைக்கும் இரண்டாவது ரவுட்டர் ஒன்று வாங்கலாம். 4ஜி இணைப்பு என்றால் சிம் போடும் வசதியுள்ள ரவுட்டர் வேண்டும். அது ஒரே நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டதா, எல்லா சிம்மும் ஏற்குமா என்று கேட்டு வாங்குங்கள். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் கொண்டு வந்து தரும் விலையுயர்ந்த ரவுட்டர்கள் பலவற்றில் சிம் போட இடமே இருக்காது. 4ஜி வீட்டில் அது தனியாக வேலை செய்யாது. கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அடப்டரில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் மட்டுமே சொருகுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. இரு அலைவரிசை. 2.4 கிகாஹேர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் தடித்த சுவரில் தளர்ந்துவிடும். இரண்டும் உள்ளதை வாங்குங்கள்.

2. டபிள்யூ.பி.ஏ 3 பாதுகாப்பு. 2018இல் அறிமுகமானது. வைபை 6 என்ற அடையாளம் உள்ள ரவுட்டர்களில் இது கிடைக்கும்.

3. பேர்ம்வெயார் எனப்படும் உள் மென்பொருளுக்குத் தயாரிப்பாளர் இன்னும் புதுப்பிப்புகள் தருகிறாரா என்பது. பழைய மாதிரி மலிவு என்று வாங்கினால் அதன் ஓட்டைகளை அடைக்க யாரும் வரமாட்டார்கள்.

4. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரமும் கடையின் எழுத்து மூல உத்தரவாதமும்.

5. மின்சாரம். 2022இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போனதை நாம் மறக்கவில்லை. ரவுட்டருக்கென்றே சிறிய யூபிஎஸ் கிடைக்கிறது. வாங்கும் முன் ரவுட்டரின் அடியில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று பார்த்து, அதற்குப் பொருந்துவதை வாங்குங்கள்.

எங்கே வைப்பது?

நமது பழைய கல்வீடுகளின் சுவர்கள் அலைகளை நன்றாக விழுங்கும். பைபர் ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்துக்கு மேல் வையுங்கள். நாற்சார் வீடென்றால் முற்றத்தைப் பார்த்த விறாந்தை நல்ல இடம். 4ஜி ரவுட்டருக்குக் கணக்கு வேறு: கோபுரம் இருக்கும் திசையின் யன்னலோரம்தான் அதற்கு இடம். இரும்பு அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, மைக்ரோவேவ், தண்ணீர்த் தாங்கி ஆகியவற்றின் அருகே எந்த ரவுட்டரும் வேண்டாம்.

பூட்டும் முறை

ரவுட்டருக்கு இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. ஒன்று வைபையில் இணைவதற்கு. மற்றது ரவுட்டரின் அமைப்புகளுக்குள் நுழைவதற்கு. பலர் முதலாவதை மட்டும் மாற்றுகிறார்கள். இரண்டாவது ‘அட்மின்’ என்றே கிடக்கிறது.

2016இல் மிராய் என்ற தீநிரல் இலட்சக்கணக்கான கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது இப்படித்தான். அது பெரிய சூட்சுமம் எதையும் செய்யவில்லை. தொழிற்சாலையில் போட்ட சுமார் 60 பெயர், கடவுச்சொல் சோடிகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தது. 2017 ஜூலையில் இந்தியாவின் பி.எஸ்.என்.எல் வாடிக்கையாளர்களின் மோடங்கள் ஆயிரக்கணக்கில் செயலிழந்தபோதும் மாற்றப்படாத அதே கடவுச்சொல்தான் காரணமானது. பிரித்தானியா 2024 ஏப்ரல் 29 முதல் எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் போட்டு விற்பதைச் சட்டத்தால் தடுத்துவிட்டது. இங்கே அந்த வேலையை நாமே செய்ய வேண்டும்.

ரவுட்டரின் அடியில் உள்ள ஒட்டியில் 192.168.1.1 அல்லது 192.168.8.1 போன்ற ஒரு முகவரி இருக்கும். வைபையில் இணைந்த கைபேசியின் பிரவுசரில் அதை அடித்தால் அமைப்புப் பக்கம் திறக்கும். பிறகு:

முதலில் அட்மின் கடவுச்சொல்லை மாற்றி, வீட்டுக் கொப்பி ஒன்றில் எழுதி வையுங்கள்.

பாதுகாப்பு முறையை டபிள்யூ.பி.ஏ 3 ஆக்குங்கள். பழைய கைபேசிகள் இணையாவிட்டால் டபிள்யூ.பி.ஏ 2 போதும். டபிள்யூ.ஈ.பி வேண்டவே வேண்டாம். அது 2001இலேயே உடைக்கப்பட்டுவிட்டது.

வைபை கடவுச்சொல் தொலைபேசி இலக்கமாகவோ பிள்ளையின் பெயராகவோ இருக்கக் கூடாது. தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நீளமாகவும் இருக்கும், மறக்கவும் மாட்டாது. வைபையின் பெயரில் வீட்டுக்காரரின் பெயரும் வேண்டாம்.

டபிள்யூ.பி.எஸ் என்ற வசதியை நிறுத்துங்கள். அதன் இரகசிய எண் எட்டு இலக்கம். ஆனால் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. ரவுட்டர் மீதியை இரு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது. அதனால் 11,000 முயற்சிக்குள் திறந்துவிடலாம். 2011 டிசம்பரில் வெளியான இந்த ஓட்டை பழைய பெட்டிகளில் இன்னும் இருக்கிறது.

வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் வசதியை மூடுங்கள். பேர்ம்வெயார் தானாகப் புதுப்பிக்கும் வசதி இருந்தால் திறந்துவிடுங்கள்.

வைபை பெயரை மறைத்து வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். இலவச மென்பொருள் ஒன்றே அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

அயலவரும் விருந்தினரும்

‘பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்கக் கேட்கிறது, கொடுக்காமல் விடுவதா?’ என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். அயலவரின் உரிமை பற்றி இந்த வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கொடுங்கள், ஆனால் விருந்தினர் வலையமைப்பு வழியாகக் கொடுங்கள். பெரும்பாலான புதிய ரவுட்டர்களில் அது உண்டு. அதில் இணைபவருக்கு இணையம் கிடைக்கும். உங்கள் கணினியும் கமராவும் அவருக்குத் தெரியாது. பெருநாளைக்கு வரும் உறவினருக்கும் அதுவே. பெருநாள் முடிந்ததும் அதன் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மாதம் ஒருமுறை இணைந்துள்ள கருவிகளின் பட்டியலையும் பாருங்கள். மாத நடுவிலேயே டேட்டா தீர்ந்து போவதன் காரணம் சில வேளை அந்தப் பட்டியலிலேயே இருக்கும்.

பிள்ளைகள்

ரவுட்டரின் டிஎன்எஸ் பகுதியில் 1.1.1.3 என்றும் 1.0.0.3 என்றும் போட்டால், கிளவுட்பிளேர் நிறுவனம் 2020 ஏப்ரல் முதல் இலவசமாகத் தரும் குடும்ப வடிகட்டி இயங்கும். ஆபாசத் தளங்களும் தீநிரல் தளங்களும் பெருமளவு தடைப்படும். இரவில் பிள்ளையின் கைபேசிக்கு மட்டும் இணையத்தை நிறுத்தும் வசதியும் பல ரவுட்டர்களில் உண்டு. ஆனால் பிள்ளை கைபேசியின் சொந்த டேட்டாவுக்கு மாறினால் இவை எதுவும் வேலை செய்யாது. ஆசிரியராக நான் கண்டது, ஏன் தடுக்கிறோம் என்று பிள்ளையுடன் இருந்து பேசிய வீடுகளில்தான் இந்த வடிகட்டிகளும் பயன் தருகின்றன.

அனுமதியின்றி மற்றவரின் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றமாகும். ஏதும் நடந்துவிட்டால் இலங்கை சேர்ட் அமைப்பின் 101 என்ற இலக்கத்தை அழைக்கலாம். ஆனால் அதுவரை போக விடுவானேன்? மேலே சொன்ன மாற்றங்களுக்கு அரை மணி நேரமே எடுக்கும். உங்களுக்குக் கடினமாக இருந்தால் தகவல் தொழினுட்பப் பாடம் படிக்கும் மகனையோ மகளையோ கூப்பிடுங்கள். பக்கத்தில் இருந்து பார்த்து நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.