அச்சு வரிசையின் நிலையறிதல்: எல்பிக்யூ முதல் ஐபிபி வரை

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு ஒரகடம் பக்கம் திரும்பினால் ஸ்ரீபெரும்புதூர் வரை வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள். இத்தகைய ஆலைகளில் பெட்டிக்குப் பெட்டி பார்கோடு லேபிள் உண்டு. அதை அச்சுக்கு அனுப்புவது பெரும்பாலும் ஒரு ஸ்கிரிப்ட். ரிப்பன் தீர்ந்து பிரிண்டர் நின்றிருக்கும்போது ஸ்கிரிப்ட் ‘முடிந்தது’ என்று பதிந்துவிட்டால், பெட்டி லேபிளின்றிப் போகும். அவசரப்பட்டு மறுபடி அனுப்பினால் ஒரே எண்ணில் இரண்டு லேபிள்கள் வரும். வரிசை காலியாவதும் காகிதம் வெளிவருவதும் வெவ்வேறு நிகழ்வுகள். அச்சு நிலையறிதலின் வரலாறு, இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொண்ட வரலாறே என்பது இக்கட்டுரையின் துணிபு.

கணினியின் வேகத்துக்கு அச்சுப்பொறி ஈடுகொடுக்காததால்தான் வரிசை பிறந்தது. 1959இல் வந்த ஐபிஎம் 1403 நிமிடத்துக்கு 600 வரிகள் அச்சிட்டது. அக்காலத்தில் அது பெருவேகம். ஆயினும் கணினி காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே அச்சிட வேண்டியதை நாடாவிலோ வட்டிலோ சேர்த்துவைத்துப் பிறகு அச்சிடும் ஸ்பூலிங் முறை நிலைபெற்றது.

1983இல் வெளியான 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் எல்பிஆர் வேலையை வரிசையில் சேர்த்தது, எல்பிடி அச்சிட்டது, எல்பிக்யூ நிலையைக் காட்டியது. யூனிக்ஸின் மற்றொரு கிளையான சிஸ்டம் ஃபைவ் மரபில் நிலை காட்டும் பணிக்கு எல்பிஸ்டாட். இரண்டுமே மனிதர் படிப்பதற்கான வரிகளைத் தந்தன. ஸ்கிரிப்ட் எழுதுவோர் அவற்றை ஆக் (awk) என்னும் உரைச்செயலாக்கக் கருவி கொண்டு வெட்டிப் பொருள் கண்டார்கள். எல்பிடி நெறிமுறையை 1990 ஆகஸ்டில் பதிவுசெய்த இணைய நெறிமுறை ஆவணம் ஆர்எஃப்சி 1179, போர்ட் 515இல் நிலை கேட்க 3, 4 என இரு கட்டளை எண்களை வரையறுத்தது. பதில் வரிகளின் அமைப்பை மட்டும் வரையறுக்காமல் விட்டது. என் மதிப்பீட்டில் பின்னாளைய குழப்பங்களில் பலவற்றுக்கு வேர் இதுவே: கணினிக்குக் கணினி வரிகள் மாறின, வெட்டும் நிரல்கள் உடைந்தன.

சாதனத்தையே கேட்கும் வழி இணையாக வளர்ந்தது. 1993இன் ஆர்எஃப்சி 1514, காகிதமின்மை, டோனரின்மை, கதவு திறப்பு, காகிதச் சிக்கல் ஆகியவற்றுக்குத் தனித்தனி பிட்டுகளை ஒதுக்கியது. எஸ்என்எம்பி என்னும் வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை வழியே அவற்றைப் படிக்கலாம்.

இவ்விரு ஓடைகளும் ஐபிபி என்னும் இணைய அச்சு நெறிமுறையில் சேர்ந்தன. 2000 செப்டம்பரில் வந்த ஆர்எஃப்சி 2911 வேலையின் நிலையை எண்களாக்கியது: 3 காத்திருப்பு, 5 நடப்பு, 6 இடையில் நின்றது, 8 கைவிடப்பட்டது, 9 நிறைவு. பிரிண்டருக்கும் தனி நிலை எண், அதோடு நின்றதற்கான காரணச்சொல். 1999இல் மைக்கேல் ஸ்வீட் வெளியிட்ட கப்ஸ் என்னும் அச்சு மென்பொருள் ஐபிபியை லினக்ஸுக்கும், 2002 முதல் மேக்குக்கும் கொண்டுசேர்த்தது. விண்டோஸில் வேலையின் நிலையைக் கேட்கும் பவர்ஷெல் கட்டளை கெட்-பிரிண்ட்ஜாப் 2012இல் வந்தது.

இன்றும் ஓர் ஓட்டை உண்டு. பைட்டுகளை நேரடியாகப் பிரிண்டருக்குத் தள்ளும் போர்ட் 9100 வழியே அனுப்பினால், பைட்டுகள் போய்ச் சேர்ந்ததுமே கப்ஸ் ‘9’ என்று சொல்லிவிடக்கூடும். அப்போது பிரிண்டரையே கேட்க வேண்டும்: ஜீப்ரா லேபிள் பிரிண்டரிடம் ‘~எச்எஸ்’ கட்டளை அனுப்பினால் மூன்று வரிப் பதில் வரும். முதல் வரியின் இரண்டாம் புலம் காகிதமின்மையையும், இரண்டாம் வரியின் நான்காம் புலம் ரிப்பனின்மையையும் காட்டும்.

லேபிள் ஸ்கிரிப்ட் எழுதுவோர் வேலை எண்ணைச் சேமித்து, வரிசையையும் பிரிண்டரையும் தனித்தனியே கேட்ட பின்னரே ‘அச்சானது’ என்று பதிய வேண்டும்.