கெளுத்தி மீனின் சுவைப்புலன்

கெளுத்தி இனங்களில் பெரும்பாலானவை இரவிலும் கலங்கல் நீரிலும் இரை தேடுபவை. கண் பயன்படாத அந்த இருளில் அவை பெரிதும் நம்பியிருப்பது சுவையை. நமக்குச் சுவை அரும்புகள் வாய்க்குள்ளும் தொண்டையிலும் மட்டுமே உண்டு. கெளுத்திக்கோ மீசை, உதடு, துடுப்பு, விலா, வால் எனச் செதிலற்ற தோல் முழுவதும் அவை பரவியுள்ளன. வட அமெரிக்கக் கெளுத்தி ஒன்றின் மேல்தோலில் மட்டும் 1,75,000-க்கு மேற்பட்ட அரும்புகள் இருப்பதாக யெல்லே அட்டெமா 1971-இல் எழுதினார். மீசைகளில் அவை மிக நெருக்கமாக அமைந்துள்ளன.

புழு, இறைச்சி ஆகியவற்றிலிருந்து நீரில் கசியும் அமினோ அமிலங்களே இவ்வரும்புகளைத் தூண்டுகின்றன. மண்புழுவும் கோழிக்குடலும் கெளுத்தித் தூண்டிலுக்கு நல்ல இரையாவது இதனால்தான். உடலின் இரு பக்கங்களிலும் படும் சுவையின் அளவை ஒப்பிட்டு மீன் திசையறிகிறது. நுகர்புலன் நீக்கப்பட்ட கெளுத்திகளும் சுவையை மட்டும் கொண்டு இரையை அடைந்தன என்றும், ஒரு பக்கத்துச் சுவையுணர்வை இழந்தவை உணர்வுள்ள பக்கமாகவே வட்டமடித்தன என்றும் 1967-இல் வெளியான சோதனைகள் காட்டின.

சுவைக்கு மூளையில் இரண்டு நிலையங்கள் இருப்பது இம்மீனின் வியக்கத்தக்க அமைப்பு. தோலிலிருந்து வரும் செய்தி முகநரம்பு வழியாக முகுளத்தின் ஒரு மடலுக்கும், வாயின் உட்புறச் செய்தி பெரும்பாலும் வேகஸ் நரம்பு வழியாக மற்றொரு மடலுக்கும் செல்கிறது. முதல் மடலைச் சிதைத்தால் மீனால் இரையைத் தேடி எடுக்க முடிவதில்லை. வாயில் வைத்தால் விழுங்குகிறது. இரண்டாவதைச் சிதைத்தால் தேடிக் கவ்வுகிறது, விழுங்குவதில்லை. ஆகவே தேடும் சுவையும் ஏற்கும் சுவையும் வெவ்வேறு என்றே கொள்ள வேண்டும்.

மற்றப் புலன்களும் துணை செய்கின்றன. நுகர்ச்சி, இரையின் இருப்பை அறிவிப்பதுடன் தன் இனத்து மீன்களை அடையாளம் காணவும் உதவுகிறது. தோலிலுள்ள நுண்குழிகள், உயிருள்ள இரையின் மெல்லிய மின்புலத்தை அருகிலிருந்து உணர்கின்றன. நீரசைவை உணர்வது பக்கக்கோடு. ஐரோப்பியப் பெருங்கெளுத்தி, சிறுமீன் நீந்திச் சென்ற தடத்தைச் சில நொடிகள் கழித்தும் முழு இருளில் பின்தொடர்ந்து பிடிப்பது 2001-இல் பதிவானது. அந்த வேட்டையில் சுவையைவிடப் பக்கக்கோட்டின் பங்கே பெரிது.

ஜப்பானியக் கடற்கெளுத்தியின் மீசைக்கு இன்னொரு திறனும் உண்டு. மணலுக்குள் வளையில் வாழும் புழு மூச்சுவிடும்போது வெளியேறும் கார்பன் டைஆக்சைடு, சுற்றியுள்ள நீரின் கார அமிலக் குறியீட்டைச் சற்றே குறைக்கிறது. 0.1-க்கும் குறைவான அந்த மாற்றத்தைக் கொண்டே மீன் புழுவைக் கண்டுபிடிப்பதை ஜான் காப்ரியோ குழுவினர் 2014-இல் நிறுவினர். இவ்வுணர்வு 8.2 அளவுள்ள இயற்கைக் கடல்நீரில் கூர்மையாக உள்ளது; 8.0-க்குக் கீழே வெகுவாக மங்குகிறது. கடல் அமிலமாதல் தொடர்ந்தால் இம்மீனின் இரைதேடல் பாதிக்கப்படக்கூடும்.