ஆரணியை அளந்த அம்மையார்

மலர்க்குழு நண்பர்கள் ஆரணி வரலாறு பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். 1751-ல் கிளைவ் ஜெயித்த ஆரணிப் போரையும், ஜாகீர் காலத்தையும் பற்றிப் பெரியவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நான் எஞ்சினியர்; எனக்குத் தெரிந்தது அளவெடுப்பு. ஆகவே, நம்ம ஊரை நாற்பது வருஷம் அளந்த ஓர் அம்மையாரைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் பார்பரா ஹாரிஸ்-ஒயிட். கேம்பிரிட்ஜில் புவியியல் படித்தவர். 1969-ல் அங்கிருந்து டில்லி வரை தரை வழியாகவே வண்டி ஓட்டி வந்தவர். அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் பசுமைப் புரட்சி என்ன செய்தது என்று பார்க்க வந்த கேம்பிரிட்ஜ் ஆய்வுக் குழுவில் இருந்தார். 1973-ல் ஆரணிக் கடைத்தெருவில் அரிசி, பட்டு, நகை என்று வியாபாரங்களைக் கணக்கெடுத்தார். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மறுபடி வந்து அதே ஊரைக் கணக்கெடுத்தார். லெவல் எடுக்கிறவர்களுக்குத் தெரியும்: ஒரே பெஞ்ச்மார்க்கிலிருந்து திரும்பத் திரும்ப அளந்தால்தான் எது ஏறியது, எது இறங்கியது என்று சொல்ல முடியும்.

நெல் பெருகியது சரி, அது யார் வயிற்றுக்குப் போனது? இந்தக் கேள்வியையும் அவர் விடவில்லை. எம்.ஜி.ஆர். 1982-ல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தையும் குழந்தைகளின் ஊட்டத்தையும் பற்றி 1991-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது, சூசன் எர்ப் என்பவரோடு சேர்ந்து 2002-ல் அவர் வெளியிட்ட நூல். தமிழ்நாட்டுக் கிராமங்களில் உடல் ஊனத்தோடு வாழும் பெரியவர்களைப் பற்றியது அது. ஊனத்தின் செலவை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்று, வைத்தியச் செலவு. இரண்டு, கூட இருந்து பார்த்துக்கொள்பவர் இழப்பது. மூன்று, பாதிக்கப்பட்டவர் சம்பாதிக்க முடியாமல் போன வருமானம்.

இதை நம்ம தறிவீட்டில் பொருத்திப் பாருங்கள். குழித்தறியில் மிதித்து நெய்பவருக்கு முட்டி போயிடுச்சுன்னா தறி நின்றுவிடும். சேலை இறங்கினால்தான் கூலி. நூல் சுற்றிக்கொண்டிருந்த மனைவி ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக வேண்டும். அவர் வேலையும் நிற்கும். அப்புறம் மாஸ்டர் வீவரிடம் முன்பணம்தான். அதே முட்டிவலி மண்டி முதலாளிக்கு வந்தால் ஒரு வாரம் ஓய்வு, அவ்வளவுதான். நோய் ஒன்றுதான், அது வாங்கும் விலை வீட்டுக்கு வீடு வேறு.

2012-ல் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பெரிய ஆஸ்பத்திரிச் செலவுகளைத் தாங்குகிறது. அது நல்ல காரியம். ஆனால் மற்ற இரண்டு செலவும் இன்றும் வீட்டின் தலையில்தான்.

நம் சங்கம் மருத்துவ முகாம் நடத்தும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம் எழுதிக்கொள்கிறோம். கூடவே இரண்டு கேள்வி கேட்போமே: எத்தனை நாள் தறி நின்றது? துணைக்கு வந்தவருக்கு எத்தனை நாள் கூலி போனது? ஒரு நோட்டுப் போட்டு வருஷாவருஷம் எழுதி வைப்போம். எங்கோ பிறந்த ஒருவர் நம்ம ஊருக்காகச் செய்ததை, இந்த ஊர்ச் சோறு தின்ற நாம் செய்யக் கூடாதா?