கரையோரக் கடல் பற்றீரியாக்களின் பருவகால மாற்றம்

கரையோர நீரில் எந்தப் பற்றீரியா இனங்கள் எந்தப் பருவத்தில் ஓங்குகின்றன என்பதை ஆராயும் துறை இது. ஒரு மில்லிலீற்றர் கடல்நீரில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பற்றீரியாக்கள் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை ஆய்வுகூட வளர்ப்பூடகத்தில் வளர்வதில்லை. ஆகவே நீரை 0.22 மைக்ரோமீற்றர் வடிதாளில் வடித்து, டிஎன்ஏயைப் பிரித்து, இனத்துக்கு இனம் வேறுபடும் 16எஸ் மரபணுவைப் படித்து இனங்காண்கிறார்கள்.

ஆங்கிலக் கால்வாயின் எல்4 என்ற மாதிரியெடுப்பு நிலையத்தில் 2003 முதல் 2008 வரை எடுத்த மாதிரிகளில் இனவளம் குளிர்காலத்திலேயே உச்சம் தொட்டது. பகல்நீளமே அங்கு முதன்மைக் காரணியாகத் தெரிந்தது. இலங்கையில் பகல்நீளம் ஆண்டு முழுதும் அதிகம் மாறாது. எனவே அந்த விளக்கத்தை இங்கு அப்படியே பொருத்த முடியாது. மழையே இங்கு கவனத்துக்குரியது.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஈரவலயத்தை நனைக்கிறது. எஹலியகொட போன்ற சப்ரகமுவ ஊர்களின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் அரிக்கப்படும் மண்ணும், உரச்சத்தும், குடியிருப்புக் கழிவும் ஓடைகள் வழியே பேராறுகளைச் சேர்கின்றன. களனி கங்கை கொழும்பின் வடக்கே மட்டக்குளியிலும், களு கங்கை களுத்துறையிலும் கடலில் கலக்கின்றன. பெருக்கின்போது முகத்துவாரத்தில் உப்புத்தன்மை குறையும். நன்னீர் இனங்களும் மலக்குடற் பற்றீரியாக்களும் கூடும். மிதமான உப்புள்ள வெதுநீரில் விப்ரியோ இனங்கள் செழிக்கும். வாந்திபேதிக் கிருமி அவற்றுள் ஒன்று. மழை ஓய்ந்தபின் கடல்சார் இனங்கள் மீளும்.

ஒருமுறை எடுத்த மாதிரி பருவத்தைக் காட்டாது. மாதந்தோறும், பல ஆண்டுகள், ஒரே இடத்தில் எடுப்பதே இத்துறையின் அடிப்படை விதி.