சிங்கோனா: கசந்து காத்த மரம்

நீலகிரியின் குளிர்ச்சரிவுகளில் நூறாண்டுக்கும் மேலாக நின்று, தன் தோலை உரித்துக் கொடுத்தே கீழ்நாட்டின் காய்ச்சலைத் தணித்துவந்த சிங்கோனாத் தோட்டங்கள் இன்று இல்லை. எஞ்சி நிற்கும் சில மரங்களிடம் பட்டை கேட்டு யாரும் வருவதில்லை.

சிங்கோனாவின் பிறந்த மண் ஆண்டீஸ் மலை. அங்கிருந்து அதன் பட்டை 17ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து, விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சலுக்கு மருந்தாயிற்று. 1820இல் பாரிஸ் மருந்தியலாளர்களான பெல்லெத்தியேவும் கவந்துவும் பட்டைக்குள் இருந்த குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். நம் வீடுகளில் அதற்குப் பெயர் கொயினா. 1860இல் ஆங்கிலேயரான மார்க்கம் கொண்டுவந்த கன்றுகள் நெடும்பயணத்தில் வாடிப்போக, ஈக்வடார் மலைகளில் தாவரச் சேகரிப்பாளர்களான ஸ்புரூஸும் கிராஸும் அரும்பாடுபட்டுச் சேர்த்தனுப்பிய செம்பட்டை இனமே ஊட்டியில் தோட்டக்கலைஞர் மெக்கைவரின் கையில் வேர்பிடித்து, தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்களாக விரிந்தது. அதற்காகச் சோலைக்காடுகள் விழுந்ததையும், நடுவட்டத்தில் சீனக் கைதிகள் உழைத்ததையும் இந்த நேரத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. அந்தத் துயரங்களின் மேல்தான் அதன் தொண்டு தொடங்கியது.

மரத்தைச் சாய்க்காமல் பட்டையை நாடாநாடாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் பொதிந்து வைக்கும் முறையை மெக்கைவர் கைக்கொண்டார். பாசிக்கடியில் புதுப்பட்டை வளர்ந்தது, அதையும் மரம் கொடுத்தது. குயினைன், குயினிடின், சிங்கோனின், சிங்கோனிடின் என்னும் நான்கு ஆல்கலாய்டுகளும் அந்தப் பட்டையில் குடியிருந்தன. குயினிடின் தாளம் தப்பிய இதயங்களையும் நெடுங்காலம் நெறிப்படுத்தியது. அந்த முறைக்காய்ச்சலைத் தரும் மலேரியா ஒட்டுண்ணி நம் சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. தின்றதில் மிஞ்சும் ஹீம் அதற்கே நஞ்சு என்பதால், அதைப் படிகமாக இறுக்கி ஒதுக்கித் தப்பிக்கிறது. அந்தப் படிகம் உருவாகாமல் குயினைன் தடுக்க, ஒட்டுண்ணி தன் கழிவாலேயே மடிகிறது. மருந்து மிஞ்சினால் காது இரையும், கண் மங்கும், தலை சுற்றும்; நாவில் கசப்பு நெடுநேரம் நிற்கும். ஆயினும் நடுங்கும் உடலுக்குப் போர்வையைச் சுற்றிவிட்டு அந்தக் கசப்பை ஊட்டிய கைகள், விடியும்போது நெற்றி வியர்த்துக் குளிர்ந்திருக்கக் கண்டன. அந்தக் காய்ச்சல் எட்டாத உயரத்தில் வளர்ந்த மரம், தான் காணாத மனிதர்களுக்காகத் தன்னை உரித்துக் கொடுத்தது.

டச்சுக்காரர்களின் ஜாவாத் தோட்டங்கள் உலகச் சந்தையைப் பிடித்தபோது நம் மரம் பின்தங்கியது. 1942இல் ஜாவா ஜப்பான் வசமாகி உலகெங்கும் குயினைனுக்குப் பஞ்சம் வந்தபோது, அதையே மீண்டும் தேடினார்கள். போருக்குப் பின் மலிவான குளோரோகுயின் வந்தது. கொசுவை ஒழிக்க டிடிடி வந்தது. சிங்கோனா நின்ற சரிவுகளில் தேயிலை ஏறியது. குளோரோகுயினுக்கு ஒட்டுண்ணி அடங்காமல் போன காலத்தில் மூளையைத் தாக்கும் மலேரியாவுக்கு மருத்துவர்கள் மறுபடியும் குயினைன் ஊசியைத்தான் எடுத்தார்கள். பின்னர் அந்த இடமும் இன்னொரு செடியின் வழிவந்த ஆர்ட்டிசுனேட்டுக்குப் போயிற்று. வால்பாறைக்கு அருகே சிங்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்கும் இப்போது தேயிலைதான்.

தேயிலை வளர்ந்ததிலோ, மேலான மருந்து வந்ததிலோ நமக்கு வருத்தமில்லை. காய்ச்சலில் போயிருக்கவேண்டிய பாட்டனும் பாட்டியும் பிழைத்ததால்தான் நம்மில் பலர் பிறந்தோம் என்பதை அந்த மரம் நின்றிருந்த நாளில் ஒருமுறையாவது சொல்லியிருக்கலாம் என்பதே வருத்தம். சொல்லாமல் விட்ட அந்த நன்றியை இப்போது சேர்ந்து சொல்வோம்.